இரண்டே முனை, நடுவில் ஒரு இசட்: டல்மன்ஸி எஸ்டேட் ரயில்

ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸில் க்ளாஸ் டூலைக்கன் என்று 1,051 மீட்டர் உயரத்தில் ஒரு மலை. தெற்கிலிருந்து ஏறுகிறவர்கள் டல்மன்ஸி மாளிகையருகே புறப்பட்டு, க்ளென் லாக்ஸி என்ற பள்ளத்தாக்கின் வழியாகப் போவார்கள். பள்ளத்தாக்கின் அடியில் ஜீப் தடம் ஒன்று உண்டு. அதில் போனால் ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும், கால் நனையும். விஷயம் தெரிந்தவர்கள் சரிவில் சற்று மேலே இருக்கும் இன்னொரு தடத்தைப் பிடிப்பார்கள். ஒரே சீரான ஏற்றம், ஒரே அகலம், குலுக்கல் இல்லாத வளைவுகள். மாட்டு வண்டிக்கோ மனிதக் காலுக்கோ போட்ட பாதை இப்படி இருக்காது. 1920 முதல் 1978 வரை தண்டவாளம் கிடந்த இடம் அது.

இந்த ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பணக்காரரின் பொம்மை ரயில்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பணக்காரருடையதுதான், ஆனால் பொம்மை இல்லை. குறைந்த செலவில், ஒரே ஒரு வேலைக்காக, அந்த மலைக்கு எது சரிப்படுமோ அதை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். பெர்த்ஷயரில் பிளேர்கவ்ரியிலிருந்து வடக்கே பிரேமாருக்குப் போகும் ஏ93 சாலையில், மலை நெருங்கி வரும் இடத்தில் ஸ்பிட்டல் ஆஃப் க்ளென்ஷீ என்ற சிற்றூர். 'ஸ்பிட்டல்' என்பது வழிப்போக்கர் தங்கும் சத்திரத்துக்கான பழைய சொல். அங்கிருந்து பிரதான சாலையை விட்டு மேற்கே உள்ளே போனால் டல்மன்ஸி மாளிகை, பின்னாளில் ஹோட்டலானது. வெளியுலக ரயிலோடு இந்தப் பாதைக்கு ஒருநாளும் இணைப்பு இருந்ததில்லை. தண்டவாளமும் எஞ்சினும் சாலை வழியாகத்தான் மலைக்கு வந்தாக வேண்டும். பெரிய எஞ்சின் என்ற யோசனைக்கே அங்கே இடமில்லாமல் போனதற்கு இது ஒன்றே போதும்.

போட்டவர் சர் ஆர்ச்சிபால்ட் பர்க்மைர். கல்கத்தாவில் சணல் வியாபாரத்தில் பெரிய ஆள். 1921இல் அவருக்கு பேரனட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தபோது 'டல்மன்ஸியின்' என்றே அது பெயரிடப்பட்டது. அவர் தேர்ந்த அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். கல்கா–சிம்லா பாதையின் அகலமும் இதுவே. இந்தியாவில் மலைக்கும் கிளைப்பாதைக்கும் பழகிப்போன அளவு இது, பிரிட்டனில் அவ்வளவு சாதாரணமில்லை. கல்கத்தாவில் பணம் பண்ணியவர்கள் கோடைக்கு ஏறிய டார்ஜிலிங் பாதையில் ரயில் முன்னும் பின்னுமாக நகர்ந்து மலையேறும் வித்தை உண்டு. டல்மன்ஸியிலும் அதே வித்தை இருக்கிறது. முடிச்சை வாசகர் தாமே போட்டுக்கொள்ளலாம்.

எதற்காக இந்த ரயில்? மாளிகையில் சாப்பாடு, படுக்கை, விருந்து எல்லாம் உண்டு. வேட்டை மட்டும் மேலே. க்ரவுஸ் என்பது ஹெதர் புதர்க்காட்டில் வாழும், கௌதாரியை நினைவூட்டும் பறவை. ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை அதைச் சுடலாம். புதர்க்காட்டில் கல்லும் புல்கட்டியும் வைத்துக் கட்டிய இடுப்பளவு மறைவிடங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கிக்காரர், கூடவே மாற்றுத் துப்பாக்கியில் தோட்டா நிரப்பித் தர ஓர் ஆள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் கொடியை வீசிப் பறவைகளைக் கிளப்பிவிடுவார்கள். காலையில் மறைவிடத்தில் போய் நிற்கும்போது துப்பாக்கிக்காரருக்கு மூச்சு வாங்கக்கூடாது, கை நடுங்கக்கூடாது. வயதான விருந்தாளியை இரண்டரை மைல் மேட்டில் நடக்கவிட்டால் அன்றைய வேட்டை போச்சு. மாலையில் பிரச்சினை வேறு: சுட்டதைக் கீழே கொண்டுவர வேண்டும். குடல் நீக்கிய ஆண் சிவப்புமான் ஒன்று எண்பது, தொண்ணூறு கிலோ இருக்கும். மட்டக்குதிரை ஒரு நடைக்கு ஒரு மான்தான் சுமக்கும். ரயில் வேகனுக்கு அது ஒரு பாரமே இல்லை.

பாதையின் மேல்முனை க்ளென் லாக்ஸி லாட்ஜ், அதாவது வேட்டைக்காரர்கள் ஒதுங்கும் மனை. ஆக 'நிலையங்கள்' என்று சொல்ல இரண்டு முனைகள்தான்: கீழே மாளிகை, மேலே லாட்ஜ். நீளம் சுமார் இரண்டரை மைல், நான்கு கிலோமீட்டர். உயர வித்தியாசம் சுமார் 500 அடி. வகுத்துப் பார்த்தால் சராசரி ஏற்றம் 26க்கு 1, அதாவது 26 அடி போனால் ஓர் அடி உயரம். சராசரியே இப்படி என்றால் சில துண்டுகள் இதைவிடச் செங்குத்தாகத்தான் இருந்தாக வேண்டும். சாதாரண ரயில்பாதையில் 40க்கு 1 வந்தாலே டிரைவருக்கு வியர்க்கும். நீலகிரியில் 12க்கு 1க்குப் பக்கமாக ஏறுவதற்குப் பல்சக்கரம் வைத்தார்கள். 26க்கு 1 என்பது பல்சக்கரம் இல்லாமல் வழவழப்பான இரும்பு இரும்பைப் பிடித்து ஏறக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த எல்லை மழைக்கும் பனிக்கும் தகுந்தாற்போல் நகரும்.

ஐந்நூறு அடியையும் நான்கு கிலோமீட்டரில் சமமாகப் பரப்பி ஏறியிருக்கலாமே என்று கேட்கலாம். பள்ளத்தாக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. க்ளென் லாக்ஸியின் அடியில் ஓடை வளைந்து வளைந்து ஓடுகிறது. அடியை ஒட்டிப் போனால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாலம் கட்ட வேண்டும், வெள்ளம் வந்தால் பாலம் போகும். பாலத்தைத் தவிர்க்க ஒரே வழி, முதலிலேயே சரிவில் மேலே ஏறிவிட்டு, பிறகு சரிவை ஒட்டி ஓர் அலமாரித் தட்டு போல் பாதையை வெட்டிக்கொண்டு போவது. அப்படியானால் ஆரம்பத்திலேயே குறுகிய இடத்தில் சட்டென்று உயர வேண்டும். சாலையாக இருந்தால் கொண்டையூசி வளைவு போதும். ரயிலுக்குக் கொண்டையூசி போட விட்டம் வேண்டும், அந்தச் சரிவில் அவ்வளவு விட்டத்துக்கு மலையைக் குடைய வேண்டும். அதனால் இசட் போட்டார்கள், பள்ளத்தாக்கில் இருக்கும் பண்ணை ஒன்றுக்கு மேலே உள்ள சரிவில்.

இசட்டை நிதானமாகப் பார்ப்போம். இந்தப் பாதையின் உயிரே அதுதான். மூன்று சரிவுத் துண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கீழ்ப்பாதை, நடுப்பாதை, மேற்பாதை. கீழ்ப்பாதை ஏறி ஒரு முட்டுச்சந்தில் முடிகிறது. முட்டுச்சந்தின் வாயில் ஒரு பாயிண்ட், அதாவது வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நகரும் தண்டவாளம். அங்கிருந்து நடுப்பாதை எதிர்த்திசையில் ஏறி இன்னொரு முட்டுச்சந்துக்குப் போகிறது. அதன் வாயிலும் ஒரு பாயிண்ட், அங்கிருந்து மேற்பாதை மறுபடி பழைய திசையில்.

புறப்படும்போது எஞ்சின் முன்னால், பெட்டிகள் பின்னால். கீழ்ப்பாதையில் எஞ்சின் இழுக்கிறது. முதல் முட்டுச்சந்தில் முழு வண்டியும் நுழைந்து, கடைசிச் சக்கரம் பாயிண்டைத் தாண்டியதும் நிற்கிறது. ஒருவர் இறங்கிப் பாயிண்ட் லீவரைப் புரட்டுகிறார். இப்போது வண்டி பின்னோக்கி நகர்கிறது, அதாவது எஞ்சின் கீழே இருந்துகொண்டு பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இரண்டாவது முட்டுச்சந்தில் மறுபடி அதே சடங்கு. பிறகு எஞ்சின் மீண்டும் முன்னால். திருப்பம் ஒன்றாக இருந்திருந்தால் மீதித் தூரம் முழுவதும் தள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும். இரண்டாக இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

முட்டுச்சந்தின் நீளம்தான் ரயிலின் நீளம். இதை மறந்துவிட்டு ஒரு பெட்டியைக் கூடுதலாகச் சேர்த்தால் கடைசிப் பெட்டி பாயிண்டைத் தாண்டாது, லீவரைப் புரட்ட முடியாது. கொள்ளளவைக் கூட்ட வேண்டுமென்றால் எஞ்சினை மாற்றிப் பயனில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முட்டுச்சந்தை நீட்ட வேண்டும், அதற்குச் சரிவை இன்னும் வெட்ட வேண்டும்.

பயம் எங்கே என்றால், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்தால். எஞ்சின் மேட்டுப்பக்கம் இருக்கும் துண்டுகளில் கப்ளிங் அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி உருளும். நடுப்பாதையில் அந்தப் பயம் இல்லை, எஞ்சினே அணைபோல் கீழே நிற்கிறது. பதிலுக்கு அங்கே டிரைவரின் கண்ணுக்கு முன்னால் பெட்டி மறைக்கிறது. தண்டவாளத்தில் ஆடு படுத்திருந்தாலும் தெரியாது, அதற்காக முன்பெட்டியில் ஓர் ஆள் நின்று குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் கைப்பிரேக்கும், அதன் பக்கத்தில் ஓர் ஆளும் வைப்பது இப்படிப்பட்ட பாதைகளில் அலங்காரத்துக்கு அல்ல.

இசட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. மேலிருந்து உருண்டு வரும் பெட்டி தானாக ஒருபோதும் கீழே வரை வந்து சேராது. சரிவிலிருந்து முட்டுச்சந்துக்குள்தான் அது நேராகப் போகும். அடுத்த சரிவில் இறங்க வேண்டுமானால் யாராவது பாயிண்டை மாற்றித் திசை திருப்ப வேண்டும். பாயிண்ட் மாற்றுத்திசையில் கிடந்தால் உருண்டு வரும் சக்கரம் நாக்கை இடித்துத் தள்ளும், கம்பி வளையும், தடம் புரளலாம். வேகம் கூடிவிட்டால் முட்டுச்சந்தின் கடைசியில் கொட்டிய மண்மேடு அதை நிறுத்தாது, கவிழ்க்கும். ஆனாலும் பண்ணை முற்றத்துக்குள் வந்து விழாது. செங்குத்தான எஸ்டேட் பாதையில் இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

இனி எஞ்சின். பெட்ஃபர்டில் இருந்த மோட்டார் ரயில் கம்பெனியின் 'சிம்ப்ளெக்ஸ்', பெட்ரோலில் ஓடுவது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டும் ரொட்டியும் கொண்டுபோக 600 மில்லிமீட்டர் பாதைக்காக உருவான வடிவம் இது. நீராவி எஞ்சினின் புகையும் நெருப்பும் எதிரியின் பீரங்கிக்கு இலக்குக் காட்டிவிடும் என்பதால் முன்வரிசைக்குப் பெட்ரோல் வண்டி. போர் முடிந்ததும் அதே வடிவத்தை வேறு அகலங்களுக்கும் செய்து விற்றார்கள்.

போர்க்கால மாதிரியில் இரட்டைச் சிலிண்டர் டார்மன் எஞ்சின், 20 குதிரைத்திறன், எடை சுமார் இரண்டரை டன். கியர்பாக்ஸ் டிக்சன்–அபட் காப்புரிமை வடிவம்: முன்னுக்கு இரண்டு வேகம், பின்னுக்கும் அதே இரண்டு வேகம். டிரைவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார், இடப்பக்கம் தலையைத் திருப்பினால் ஒரு திசை, வலப்பக்கம் திருப்பினால் மறுதிசை. கியர்பாக்ஸிலிருந்து இரண்டு அச்சுக்கும் சங்கிலி போகும், ஆகவே நான்கு சக்கரமும் இழுக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: முன், பின் என்ற பேதமே இல்லாத கியர், முன், பின் என்ற பேதமே இல்லாத இருக்கை. பதுங்குகுழிப் பாதையில் திரும்ப இடம் இல்லாததற்காகச் செய்தது, இசட்டுக்கென்றே செய்தது போல் பொருந்துகிறது. காரின் எஞ்சினையும் கியரையும் தூக்கி வைத்திருந்தால் நடுப்பாதை முழுவதையும் ஒற்றை ரிவர்ஸ் கியரில், கழுத்தைத் திருகிக்கொண்டு ஏற வேண்டியிருந்திருக்கும்.

எவ்வளவு இழுக்கும்? குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறக்கூடாது, இங்கே தீர்மானிப்பது பிடிமானம். காய்ந்த தண்டவாளத்தில் எஞ்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுவிசையாகக் கிடைக்கும் என்று வைத்தால் 500 கிலோ. 26க்கு 1 ஏற்றத்தில் டன் ஒன்றுக்கு ஏற்றத்துக்காக 38 கிலோ, உருளும் உராய்வுக்குச் சுமார் 10 கிலோ, மொத்தம் 48. ஐந்நூறை 48ஆல் வகுத்தால் பத்தரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, எஞ்சினின் எடையையும் சேர்த்து. மழை தூறினால் பிடிமானம் பாதியாகும், அப்போது மொத்தம் ஐந்து டன் சொச்சம்தான். எட்டுத் துப்பாக்கிக்காரர், எட்டு உதவியாள், அவர்கள் சாமான் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் டன் என்றும், இலகுவான இரண்டு பெட்டிகள் இரண்டு டன் என்றும் வைத்துப் பாருங்கள். எஞ்சினோடு ஆறு டன்னை நெருங்கும். வெயில் நாளில் சிரிப்போடு ஏறும் அதே வண்டி தூறலில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும். ஹைலண்ட்ஸில் ஆகஸ்டில் தூறல் என்பது விதிவிலக்கே அல்ல.

அதற்கு மருந்து காய்ந்த மணல். ஈர மணல் குழாயில் அடைத்துக்கொள்ளும், அதனால் முந்தின நாளே அடுப்பருகில் உலர்த்தி டப்பாவில் வைக்க வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகு மணல் போட்டுப் பயனில்லை, தண்டவாளமும் சக்கரமும் தேய்வதுதான் மிச்சம். வேகத்தைக் குறைத்து, சக்கரம் பிடித்த பிறகு கொஞ்சமாகத் தூவ வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் பெட்டியைப் பிரித்து இரண்டு நடையாக ஏற்றுவதுதான் ஒழுங்கு.

இந்த வகை எஞ்சினைக் கிளப்புவதே தனிக் கலை. கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பின உடனே வண்டி ஆள்மேல் ஏறும். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பும்வரை விட வேண்டும். தீப்பொறி லீவரைத் தாமத நிலையில் வைக்க வேண்டும். பிறகு கைப்பிடியை நான்கு விரலால் கொக்கிபோல் பிடித்துக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றி வளைக்கக்கூடாது. தீப்பொறி முந்திவிட்டால் கைப்பிடி எதிர்த்திசையில் அடிக்கும், வளைத்த கட்டைவிரல் முறியும். கையால் கிளப்பும் பழைய எஞ்சின் எதற்கும் இதே பாடம்தான். ஈரக்காற்றில் மேக்னெட்டோ, அதாவது பொறிக்கு மின்சாரம் தரும் கருவி, நனைந்தால் பொறியே வராது, கழற்றி உலர்த்த வேண்டும். இரவில் உறையும் குளிர் என்றால் ரேடியேட்டர் தண்ணீரை மாலையிலேயே வடித்துவிட வேண்டும், மறந்தால் காலையில் சிலிண்டர் கூடு வெடித்திருக்கும்.

கீழ் கியரில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவு, மேல் கியரில் பத்து, பதினொன்று. இரண்டு திருப்பத்தையும் சேர்த்து நான்கு கிலோமீட்டருக்கு அரைமணிக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். வேகமாக நடக்கிறவர் ஒருவர் ரயிலுக்கு அதிகம் பின்தங்காமல் போய்விடலாம். வித்தியாசம், மேலே போய்ச் சேரும்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். கீழ் கியரிலேயே எஞ்சினின் இழுபறியில் இறங்க வேண்டும். கிளட்சை மிதித்து நடுவில் கியர் மாற்ற நினைத்தால் அந்த ஒரு நொடியில் வண்டி கைமீறும். மேல்முனையில் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவர ஒரு லூப் இருப்பது இதனால்தான் நல்லது. லூப் இருந்தால் நீண்ட மேற்பாதையில் எஞ்சின் பள்ளத்துப் பக்கம் இருந்துகொண்டு பெட்டிகளைத் தாங்கும். அது இல்லாமல் பெட்டிகளை முன்னே விட்டுப் பின்னால் எஞ்சின் பிடித்துக்கொண்டு இறங்கினால், கைப்பிரேக்கில் நிற்கும் ஆளை நம்பித்தான் எல்லாமே.

பாதைப் பராமரிப்பில் எதிரி ஒருவனே: தண்ணீர். அந்தச் சரிவுகளில் மேல்மண் பெரும்பாலும் பீட், அதாவது மக்கியும் மக்காமலும் கிடக்கும் பாசிமண். அது பஞ்சுபோல் நீரை வைத்துக்கொள்ளும். ஜல்லிக்கு அடியில் பீட் இருந்தால் வண்டி போகும்போதெல்லாம் சேறு மேலே பீறிடும், ஸ்லீப்பர் கட்டை அமிழும், ஒரு பக்கத் தண்டவாளம் தாழும். குளிரில் அந்த நீர் உறைந்து வீங்கி அதே தண்டவாளத்தை மேலே தூக்கும். வசந்தத்தில் பாதை அலை அலையாகக் கிடக்கும். மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டி, நீரைக் குழாயால் பாதைக்கு அடியில் கடத்திவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் ஹெதர் குச்சியும் சருகும் குழாய் வாயை அடைத்தால் ஒரே இரவு மழையில் கரை அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். இந்தக் குழாய்களைச் சீசனுக்கு முன் ஒருமுறை குத்திவிடுவதைவிட முக்கியமான வேலை எஸ்டேட் பாதையில் இல்லை. எஞ்சினைத் துடைப்பதற்கு ஆள் கிடைப்பார்கள், குழாய் குத்தத்தான் யாரும் வரமாட்டார்கள்.

டல்மன்ஸிக்கு ஒரு தம்பி உண்டு. ரென்ஃப்ரூஷயரில் டுஷல் மூர் என்ற புதர்க்காட்டில், கப்பல் கட்டும் தொழிலதிபர் சர் ஜேம்ஸ் லித்கோ 1920களில் இதே க்ரவுஸ் வேட்டைக்காகப் போட்ட இரண்டடிப் பாதை. அது ஹைலண்ட்ஸ் அல்ல, மேடும் இவ்வளவு கடுமையில்லை. எண்ணிப் பார்த்தால் இந்த வகை ரயிலுக்கு ஆயுள் குறைவாக இருந்திருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட்ரோவர் 1948இல் வந்துவிட்டது. தண்டவாளமும் பாயிண்டும் இல்லாமல் அது ஓடைக்குள்ளேயே இறங்கி ஏறும். அதற்குப் பிறகும் டல்மன்ஸி ரயில் முப்பது வருடம் ஓடியது என்றால், ஹோட்டல் விருந்தாளிகளுக்கு அது பயணமாகவே பிடித்துப்போனதுதான் காரணமாக இருக்க முடியும்.

இன்று அங்கே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வேட்டைப் பருவத்தில் ஏறும் வழியை எஸ்டேட்டில் கேட்டுக்கொள்வது நல்லது. பண்ணையைத் தாண்டியதும் சரிவில் இசட்டைத் தேடுங்கள். சாலை வளைவாக இருந்தால் தடம் வட்டமாகத் திரும்பிவிடும். இங்கே திருப்பத்தைத் தாண்டியும் சமதளமான திட்டு ஒன்று நேராகத் தொடர்ந்து, எங்கும் போகாமல் புல்லுக்குள் நின்றுவிடும். அதுதான் முட்டுச்சந்து. மேற்பாதையில் ஏறியதும் ஓடைச் சத்தம் கீழே இறங்கிக்கொண்டே போகும். பக்க ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் கரை அரித்திருந்தால் இறங்கி ஏற வேண்டியிருக்கும், மற்றபடி லாட்ஜ் வரை கால் நனையாது. லாட்ஜுக்கு இப்போது கூரை இல்லை. சுவர் மட்டும் நிற்கிறது, அதன் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி ரொட்டியைப் பிரித்துவிட்டு, மலையேறுகிறவர்கள் அங்கிருந்து மேலே திரும்புகிறார்கள்.